கேஸ் உடைந்ததா? முதலில் இன்ஜின் நம்பரைப் பாருங்கள்

பழைய ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டி ஓடும்போது செயின் அறுந்தால், அது சாலையில் விழுந்துவிடும் என்றுதான் நினைப்போம். பல நேரம் விழுவதில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் முன் ஸ்ப்ராக்கெட் அதை உள்ளே இழுக்கும். பல்லுக்கும் இன்ஜின் கேஸுக்கும் நடுவே செயின் சுருண்டு சிக்கி, அலுமினியச் சுவரைப் பெயர்த்துவிடும். பழைய யெஸ்டியிலும் இது நடக்கலாம்.

பட்டறையில் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, ஆர்கான் வெல்டிங். இன்னொன்று, "பழைய கேஸ் ஒண்ணு இருக்கு சார், மாத்திடலாம்." இரண்டாவது சுலபமாகத் தோன்றும். அதற்குத் தலையாட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பர் பெரும்பாலும் அந்தக் கேஸின் மேல்தான் குத்தப்பட்டிருக்கிறது. கேஸை மாற்றினால் சட்டத்தின் கண்ணில் இன்ஜினையே மாற்றியதாகிவிடும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. விவரத்தோடு ஒத்துப்போகாத மாற்றத்தை உரிமையாளர் செய்யக் கூடாது என்கிறது. ஆர்.டி.ஓ. ஒப்புதலை முன்கூட்டியே வாங்குவதுதான் முறை. அது இல்லாமல் மாற்றம் நடந்திருந்தால் 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். கடனில் உள்ள வண்டி என்றால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் தேவை. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 15 வருடம் முடிந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்கும்போது நம்பரை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். என்றைக்கோ மாற்றிய கேஸ் அன்றைக்கு வந்து மாட்டும்.

பயன்படுத்திய கேஸில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அதில் இருக்கும் நம்பர் திருட்டுப் போன ஒரு வண்டியுடையதாக இருந்தால், காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பில் இல்லாமல், விற்பவரின் அடையாளச் சான்று நகலும் பழைய வண்டியின் ஆர்.சி. நகலும் இல்லாமல் வாங்காதீர்கள். அந்த நம்பரைத் தேய்த்துவிட்டு உங்கள் நம்பரைக் குத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பட்டறையை விட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அது உதவி இல்லை, குற்றம். நம்பர் குத்தாத புதுக் கேஸ் கிடைத்தாலும் ஆர்.டி.ஓ. அனுமதியோடுதான் அதில் எண் பதிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: கேஸின் இரண்டு பாதிகளையும் தொழிற்சாலையில் ஜோடியாகக் கடைந்திருப்பார்கள். ஒரு பாதியை மட்டும் வேறு வண்டியிலிருந்து பொருத்தினால் பேரிங் குழிகள் ஒரே கோட்டில் நிற்காமல் போகலாம்.

அதனால் வெல்டிங் செய்ய முடிகிற உடைப்பு என்றால் வெல்டிங்கே நல்லது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கேஸ், உங்கள் நம்பர், ஆர்.சி.யில் கைவைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை முறையாகச் செய்ய வேண்டும். தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். கேஸ் வார்க்கும் கலவை அதற்கும் முன்பே உருகிவிடும். அதன் மேல் படர்ந்திருக்கும் ஆக்சைடு படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். அந்தப் படலத்தை உடைக்க ஏ.சி. மின்னோட்டம் தரும் ஆர்கான் மெஷின் வேண்டும். பல வருடம் எண்ணெய் குடித்த வார்ப்பு சூடேறும்போது எண்ணெயைக் கக்கும். அதைத் துடைத்துச் சுத்தம் செய்யாமல் வைத்த வெல்டிங்கில் பொடிப்பொடியாக ஓட்டை விழும். விரிசல் முனையில் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்துவதும், பேரிங்கையும் ஆயில் சீலையும் கழற்றுவதும், இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு இறுக்கிவிட்டுச் சூடேற்றுவதும் நல்ல வேலைக்காரரின் அடையாளங்கள். முடிந்த பிறகு வெளிப்பக்கம் சாக்பீஸ் தடவி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால் கசிவு கறையாகத் தெரிந்துவிடும். உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

இன்ஜினை இறக்காமல், பெட்ரோல் டேங்கையும் கழற்றாமல் வண்டியிலேயே வெல்டிங் வைக்க ஒப்புக்கொள்ளவே கூடாது. குளோரின் கலந்த கிளீனர் ஸ்ப்ரே அடித்த உலோகத்தின் மேல் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். அதை முதலில் சுவாசிப்பவர் வெல்டர்தான். அவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

எம்-சீல் அப்பிவிட்டு ஓட்டுவது வீடு சேர்வதற்கு மட்டும். கியர்பாக்ஸ் பக்கத்து விரிசலில் கசியும் எண்ணெய் பின் டயரில் படிந்தால் வளைவில் வண்டி சறுக்கும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் இருக்கும் அறையில் மயிரிழை விரிசல் இருந்தாலே காற்றை இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் கலவை மெலிந்து சூடேறி பிஸ்டன் சீஸ் ஆனால், பின் சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும்.

உடைப்பு இன்ஜின் நம்பருக்கு அருகில் இருந்தால், வேலை தொடங்கும் முன் பென்சில் பிரிண்ட்டும் தெளிவான போட்டோவும் எடுத்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாக: செயின் அறுந்து உடைவதை இயந்திரக் கோளாறு என்று சொல்லிக் கைவிரிக்க நிறுவனத்துக்கு வழி உண்டு. விபத்தில் அடிபட்டு உடைந்தால் முழுக் காப்பீட்டில் கேட்கலாம். ஆனால் சர்வேயர் பார்க்கும் முன் இன்ஜினைப் பிரிக்கக் கூடாது.

வேலை சரியில்லாமல் போனால் வழி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பட்டறை வேலையும் சேவைதான். பில் தராததையே நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக அச்சட்டம் வைத்திருக்கிறது. அதனால் எந்த இடத்தில் என்ன வேலை, எவ்வளவு கூலி என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பேசிய கூலி வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்கும் உரிமை மெக்கானிக்குக்கு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. தன்னிடம் விட்ட வண்டியைப் பொறுப்போடு பார்த்துக்கொள்ளும் கடமையையும் அதே சட்டம் அவர்மேல் வைக்கிறது.

புகாருக்கு முதலில் 1915 என்ற எண்ணை அழைக்கலாம். தீராவிட்டால் 2 வருடத்துக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பால் ஊற்றவோ உணவு டெலிவரிக்கோ வண்டி ஓட்டுகிறவர்கள் "இது தொழில் வண்டியாச்சே" என்று தயங்க வேண்டாம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவரையும் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. மனுவோடு பில்லையும், உடைந்த கேஸின் போட்டோவையும், வேறொரு மெக்கானிக் பார்த்து எழுதித் தந்த கருத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.