மெல்வளர் நிணநீர்ப் புற்றும் குருதியுறைவு தடுப்பு மருந்தும்

புற்றுநோய் உண்டென்று கூறிய வைத்தியரே, "இப்பொழுது மருந்து வேண்டாம், மூன்று மாதங் கழித்து வாருங்கள்" என்றுங் கூறுவாராயின், கேட்போர் திகைப்பது இயல்பே. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிற் புற்றுநோய்க்கெனத் தனிக் கட்டடம் உண்டு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து வந்தோர் திரட்டிய நிதி அதற்கு உதவிற்று. ஆங்குச் செல்வோரும் இத்திகைப்புக்கு விலக்கானவரல்லர்.

நிணநீர்ப் புற்றுக்களில் விரைந்து வளர்வனவும் உள. மெல்ல வளர்வனவும் உள. விரைவன முற்றாக மாறுதல் கூடும். மெல்வளர்வனவோ உடலிற் பரவியபின் அடியோடு நீங்குதல் அரிது. பெரும்பாலான மருந்துகள் பிரிந்து பெருகும் கலங்களையே தாக்குவதும், மெல்வளர் புற்றில் அத்தகையன சிலவே என்பதும் இதற்குரிய காரணங்களாகக் கூறப்படும். ஆயினும் இந்நோயுடன் பத்து, இருபது ஆண்டுகள் வாழ்வோர் பலர். நோய்க்குறி தோன்றாதார்க்கு உடனே குளோரம்புசில் கொடுப்பினும், நோய் வளருங்காறும் பொறுத்திருப்பினும் ஆயுளில் வேறுபாடில்லையென 2003இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று காட்டிற்று. 1997இல் வழக்குக்கு வந்த ரிற்றுக்சிமாப் சிகிச்சையைப் பெரிதும் திருத்தியது. எனினும் பொறுத்திருத்தல் இன்றும் கைவிடப்படவில்லை.

இந்நோயாளர் இதயத்தில் உலோக வால்வு பொருத்தப்பெற்றவராயின் யாது செய்வது? அவர் வார்பரினை ஆயுள் முழுதும் உட்கொள்ள வேண்டியவர். பழுதுற்ற தீவனப்புல்லை உண்ட வட அமெரிக்க மாடுகள் குருதி பெருகி மாண்டதை ஆராய்ந்த வழியிலே பிறந்தது இம்மருந்து. 1948இல் எலிப்பாடாணமாக விற்கப்பட்டது. 1954இல் மனிதர்க்கு மருந்தாயிற்று! குருதியை நீர்ப்பிக்கும் மருந்து என்னும் வழக்குப் பொருந்தாது. விற்றமின் கே-யின் தொழிலைத் தடுத்து உறைதலைத் தாமதிப்பதே அதன் செயல்.

இத்தகையார்க்குப் பொறுத்திருத்தல் இரட்டை நன்மையுடையது. வார்பரினுக்கு இடையூறு நேராது. சிகிச்சை தொடங்கின் நிலைமை வேறு. ஒரு கனமில்லிமீற்றர் குருதியில் 1,50,000க்குக் குறையாதிருக்க வேண்டிய சிறுதட்டுக்கள் புற்று மருந்துகளாற் குறைதல் கூடும். 50,000க்குக் கீழிறங்கின் வார்பரினின் அளவை வைத்தியர் மீளாராய்வர். பிரெட்னிசொலோனும், பங்கசு நோய்க்குரிய புளுக்கொனசோலும் வார்பரினின் வலுவைக் கூட்டுவன. இப்ருற்றினிப் என்னும் புதிய மாத்திரை சிறுதட்டுக்களின் தொழிலையே குன்றச் செய்வதால், வார்பரினுடன் அதனைச் சேர்த்தல் பொதுவாகத் தவிர்க்கப்படும். கணுவை அறுத்துச் சோதிப்பதற்கும் முன்னேற்பாடு வேண்டும்.

இவற்றைக் கேட்டு அஞ்சி, நோயாளர் தாமே வார்பரினை நிறுத்துவதுதான் பெருங் கேடு. வால்வில் உறையுங் குருதிக் கட்டி மூளைக்குச் சென்று பாரிசவாதத்தை விளைக்கலாம். கணு திடீரெனப் பருத்தல், காரணமின்றி மெலிதல், இரவில் உடை நனைய வியர்த்தல் ஆகியன மெல்வளர் புற்று விரைவளர் புற்றாக மாறுவதன் குறியாகலாம். குறித்த தவணை வரும்வரை அவற்றுக்குப் பொறுத்திருத்தலாகாது.

முருங்கையிலை வறையை அறவே விலக்குவோரும் உளர். அது வேண்டுவதில்லை. இலைக்கறியை ஒரு கிழமை நிறைய உண்டு மறு கிழமை விடுவதே ஐ.என்.ஆர். அளவைக் குழப்புவது, உண்பதை ஒரே அளவாக உண்ணல் அமையும்.