தோட்ட வீட்டு விருந்தினருக்குத் தனி இன்டர்நெட் இணைப்பு

பொள்ளாச்சி, ஏற்காடு, கொடைக்கானல் முதலிய பகுதிகளில் விவசாயிகள் பலர் தோட்டத்து வீட்டை வெளியூர் விருந்தினருக்கு நாள் வாடகைக்கு விட்டு உபரி வருமானம் பெற்று வருகின்றனர். வந்து இறங்கும் விருந்தினர் முதலில் கேட்பது வைஃபை பாஸ்வேர்டு. வீட்டார் பயன்படுத்தும் பாஸ்வேர்டையே அவர்களுக்கும் சொல்லிவிடுவது வழக்கமாக உள்ளது. இது நல்லதன்று.

விசாரணை யாரிடம் வரும்?

ஒரே ரூட்டரில் இணைந்த கருவிகள் அனைத்தும் பொதுவாக ஒரே ஐ.பி. முகவரியிலேயே வெளியுலகுக்குத் தெரியும். இணைய நிறுவனத்தின் பதிவில் அம்முகவரிக்கு நேராக இருப்பது சந்தாதாரரான விவசாயியின் பெயர். விருந்தினர் செய்த தவறுக்கும் போலீசார் முதலில் அவரிடமே வருவர்.

2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நிகழ்ந்தது. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு பத்திரிகை, தொலைக்காட்சி அலுவலகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் சென்றது. நவி மும்பையில் அமெரிக்கர் ஒருவர் வாடகைக்கு இருந்த வீட்டின் இணைப்பிலிருந்து அது சென்றதாகப் போலீசார் கண்டனர். அவருடைய வைஃபை போதிய பாதுகாப்பின்றி இருந்ததால் வேறு எவரோ பயன்படுத்தியது பின்னர் தெரிந்தது. குற்றத்தில் பங்கில்லாத அவரும் விசாரணைக்கு உள்ளாக நேர்ந்தது.

குழந்தைகளின் ஆபாசக் காட்சிகளைத் தேடுவதும் இறக்குவதும் கூட, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-பி பிரிவின்படி குற்றமாகும். முதல் முறைக்கே 5 ஆண்டுகள் வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு.

செய்ய வேண்டியவை

1. தற்போது விற்பனையாகும் ரூட்டர்கள் பலவற்றில் 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி உள்ளது. அதை இயக்கி, விருந்தினருக்கு அதை மட்டுமே தர வேண்டும். வீட்டு இணைப்பை அது எட்டாதபடி அமைத்தால் தோட்டத்துக் கேமரா, வைஃபையில் இயங்கும் மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவி, வீட்டுக் கம்ப்யூட்டர் ஆகியவை அவர்கள் கைக்கு எட்டா.

2. பாதுகாப்பு முறையாக டபிள்யூ.பி.ஏ.-2 அல்லது டபிள்யூ.பி.ஏ.-3 தேர்ந்தெடுக்க வேண்டும். பாஸ்வேர்டு 12 எழுத்துகளுக்குக் குறையலாகாது. ஒரு விருந்தினர் சென்றதும் அடுத்தவர் வருமுன் அதை மாற்ற வேண்டும்.

3. ரூட்டரின் அமைப்புகளை மாற்றுவதற்குக் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டையும் உடனே மாற்றி, ரூட்டரைப் பூட்டிய அறையில் வைக்க வேண்டும்.

4. ரூட்டரின் டி.என்.எஸ். இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்னும் எண்களை இட்டால் ஆபாசத் தளங்களும் தீங்கு செய்யும் தளங்களும் பெருமளவு தடுக்கப்படும். இது இலவசம். வி.பி.என். தெரிந்தவர் இதைத் தாண்டக்கூடும். ஆகவே இதை மட்டும் நம்பலாகாது.

5. மேல்மடைக்காரர் முழுவதும் பாய்ச்சினால் கடைமடை காய்வது போல, ஓர் அறையில் சினிமா ஓடினால் மற்ற அறைக்கு வேகம் இராது. ரூட்டரில் வசதி இருப்பின் வேக வரம்பு வைக்கலாம். தெளிவான படம் ஒன்று பார்க்க 5 எம்.பி.பி.எஸ். போதுமானது.

6. விருந்தினரின் பெயர், அடையாள அட்டை விவரம், வந்த நேரம், சென்ற நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். 'சட்டவிரோதக் காரியங்களுக்கும், திருட்டுப் படம் இறக்குவதற்கும் இணைப்பைப் பயன்படுத்தக் கூடாது' என்ற விதியை எழுதி, முன்பதிவின்போதே தெரிவித்துக் கையெழுத்துப் பெறுவது உசிதம்.

செய்யக் கூடாதவை

விருந்தினர் எதைப் பார்க்கிறார் என்று உளவு பார்ப்பது முறையன்று. முறைகேடு தெரிந்தால் கெஸ்ட் நெட்வொர்க்கை மட்டும் நிறுத்தி, தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ரூட்டரை 'ரீசெட்' செய்தால் அதிலுள்ள பதிவுகள் அழிந்துபோகும். குற்றம் எனத் தோன்றினால் காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ தெரிவிக்கலாம். பண மோசடியாயின் தாமதமின்றி 1930 எண்ணை அழைக்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. ரூட்டர் பொருத்த வரும் பணியாளரிடம் கேட்டால் முதல் நான்கையும் அன்றே அமைத்துத் தருவார். அடுத்த விருந்தினர் வருமுன் இவற்றைச் செய்து முடிப்பது விவசாய அன்பர்களுக்கு நலம் பயக்கும்.