பழைய கார் பாகம்: எடைக்கு விற்கலாமா?

யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40 கார்களின் பாகங்களைப் பழைய இரும்போடு நிறுத்து விற்பதைப் பார்க்கிறேன். வியாபாரிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தராசில் வைக்கும் முன் இலக்கத்தைப் படியுங்கள்.

1990களின் பொருளாதாரத் தடையில் இக்கார்கள் சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. பழுதானால் கைக்குக் கிடைத்ததைப் பூட்டினார்கள். எனவே பழைய காரில் கழற்றியதெல்லாம் அசல் அல்ல.

மைனரின் எஞ்சின் இலக்கம் '9எம்' எனத் தொடங்கினால் 948 சிசி. '10எம்' என்றால் 1962இல் வந்த 1098 சிசி. லூக்காஸ் டைனமோ, ஸ்டார்ட்டர் உடலில் பாக இலக்கமும் தயாரித்த மாதம், ஆண்டும் பொறித்திருக்கும். அந்தத் திகதி கார் தயாரான காலத்துக்குச் சற்று முந்தியதாக இருந்தால் நல்ல அடையாளம்.

துருவுக்குக் கிரைண்டர் பிடிக்க வேண்டாம். இலக்கம் அழிந்தால் விலையும் போகும். இரும்புப் பாகத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் தேயுங்கள். மின்பாகத்தை ஊறவைக்காமல் துணியால் துடையுங்கள்.

மைனருக்குப் புதுப் பாகங்கள் இலங்கையிலேயே தயாராகி பிரித்தானியாவுக்கும் போயின. புதியது மட்டமல்ல, அதை அசல் என்று விற்பதுதான் பிழை. எது அசல், எது புதியது என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாங்கியவர் மீண்டும் உங்கள் கடைக்கே வருவார்.