கட்சி மாறியதா, நாம் மாறினோமா?

கிள்ளானில் தேத்தண்ணிக் கடையொன்றில் நடந்த பேச்சு இது. தோட்டம் துண்டாடப்பட்டு, அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த பெரியவர் ஒருவர் கேட்டார்:

"ஏந்தம்பி, 2008-ல பாஸ் கட்சிக்கு நம்ம ஆளுங்களும் ஓட்டுப் போட்டாங்களே! இப்ப அந்தப் பேரச் சொன்னாலே ஒதுங்குறாங்க. கட்சி மாறிச்சா, நாம மாறினோமா?"

நியாயமான கேள்விதான். சிலாங்கூர் சட்டமன்றக் கணக்கைப் பாருங்கள், தோழர்களே. மொத்தம் 56 தொகுதிகள்.

2004-இல் பாஸ் கட்சிக்கு இங்கே ஓரிடமும் இல்லை. 2008-இல் இஸ்லாமிய நாடு என்ற பேச்சை ஒதுக்கி வைத்து, மக்கள் நல நாடு என்றது, பி.கே.ஆர்., ஜ.செ.க. இரண்டோடும் கைகோர்த்தது. 8 இடம் கிடைத்தது. 2013-இல் அது 15 ஆனது. இந்தியர் அதிகம் வாழும் கோத்தா ராஜா நாடாளுமன்றத் தொகுதியிலும் அதன் வேட்பாளர் டாக்டர் சித்தி மரியா இருமுறை வென்றார்.

2015 ஜூன் மாதம் கோலசிலாங்கூரில் கட்சி மாநாடு. தலைமைப் பதவிகளில் மிதவாதிகள் தோற்றார்கள். அவர்கள் வெளியேறி அமானா கட்சியைக் கண்டார்கள். 2018-இல் பழைய தோழமைக் கட்சிகளை விட்டு நின்ற பாஸ், சிஜங்காங் ஒன்றில் மட்டுமே வென்றது. அமானாவுக்கோ 8 இடம்! கோத்தா ராஜாவிலும் அமானா தலைவர் முகமட் சாபுவே வென்றார்.

"அப்படின்னா கடும்போக்கு ஒழிஞ்சிருச்சா?" என்றார் பெரியவர்.

இல்லை ஐயா. 2023 ஆகஸ்டு 12-இல் பெர்சத்துவோடு சேர்ந்து நின்ற பாஸ் 10 இடம் பிடித்தது. அந்தக் கூட்டணிக்கு மொத்தம் 22. ஆளுந்தரப்பு 34 இடத்தோடு ஆட்சியைக் காத்துக்கொண்டது; மூன்றில் இரண்டு பங்கு பலத்தை இழந்தது.

கணக்கு சொல்வது இதுதான்: பல இனம் வாழும் மாநிலத்தில் கடும்பேச்சு தனியாக நின்றால் சறுக்கும், துணையோடு வந்தால் ஏறும். மிதவாதியும் துணையில்லாமல் கரையேறுவதில்லை.

நாட்டில் எந்தத் தொகுதியிலும் நாம் பெரும்பான்மை இல்லை. ஆனால் இழுபறியான தொகுதியில் தராசு முள்ளைச் சாய்ப்பது நம் ஓட்டுதான். ஆகவே, வேட்பாளர் நம்ம கோயில் திருவிழாவுல கைகூப்பினதை மட்டும் பாத்து மயங்காதீங்க; அடுத்த கம்பத்துல என்ன பேசுறார்னு விசாரிச்சுக் கேளுங்க. ரெண்டு இடத்திலும் ஒரே பேச்சு பேசுகிறவரை நம்பலாம்.

இன்னொன்று. லயத்தை விட்டு வந்து வருடங்கள் ஆகியும் பலருடைய ஓட்டு பழைய தோட்டத்திலேயே கிடக்கிறது. அடையாளக் கார்டில் முகவரியை மாற்றுங்கள். ஏற்கெனவே வாக்காளராகப் பதிந்தவர்களுக்கு அது மட்டும் போதாது; தேர்தல் ஆணையத்தில் தொகுதி மாற்றத்துக்கும் மனுச் செய்ய வேண்டும்.

பெரியவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "என் ஓட்டு இன்னும் தோட்டத்துலதான் இருக்கு, தம்பி. நாளைக்கே போறேன்" என்றார்.

நீங்கள்?