நயினாதீவுக் கல்வெட்டும் கடல்வழிப் பண்பாடும்

யாழ்ப்பாணத்துத் தீவுகளை நிலத்திலிருந்து நோக்குவோர்க்கு அவை ஒதுக்குப்புறங்களாகத் தோன்றலாம். கடலிலிருந்து நோக்கினால் அவை நாட்டின் நுழைவாயில்களாகும். இதனைத் தெளிவுறுத்தும் சான்று, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள கல்வெட்டாகும். கா. இந்திரபாலா இதனை 1963இல் பதிப்பித்து ஆராய்ந்துள்ளார்.

பொலன்னறுவையிலிருந்து ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை இது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்கவேண்டுமெனவும் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கவேண்டுமெனவும் அது பணிக்கின்றது. யானையோ குதிரையோ கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்தைச் சேரும், முக்காற்பங்கு உடையவனுக்குரியது. ஏனைய வணிகப் பொருள்களாயின் இருபாலார்க்கும் சரிபாதி.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. குதிரையும் யானையும் படைக்கு வேண்டியவை. அவற்றைக் கொணர்வோரின் இழப்பைக் குறைத்து அவர்களை ஈர்ப்பதே அரசின் நோக்கமெனக் கொள்ளலாம். ஆழங்குறைந்த கடலும் பார்களும் சூழ்ந்த இந்நிலவமைப்பில் கலம் உடைதல் அரிய நிகழ்ச்சியாக இருந்திருக்க முடியாது. இயற்கையின் இடர் சட்டத்தைத் தோற்றுவித்தது.

மத்தியதரைக் கடலிலுள்ள றோட்ஸ் தீவின் பெயராலும் ஒரு கடற்சட்டம் வழங்கிற்று. கப்பலைக் காக்கும்பொருட்டுச் சரக்கைக் கடலில் எறிய நேரின், அவ்விழப்பை அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டுமென்னும் அவ்விதி, கி.பி. 533இல் வெளியான யுஸ்தினியனின் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றது. அங்கே வணிகர் தம்முள் இழப்பைப் பகிர்ந்தனர். இங்கே அரசு தன் பங்கை வரையறுத்துக்கொண்டது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென நாம் கூறவில்லை. கடலை நம்பி வாழ்ந்த சமூகங்கள் ஒத்த வினாக்களை எதிர்கொண்டன என்பதே நாம் சுட்ட விரும்புவது.

இவ்வாணை தமிழில் பொறிக்கப்பட்டமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. பொலன்னறுவை மன்னன் வடபகுதித் துறைமுகத்துக்கு விதி வகுத்தபோது அதற்கேற்ற மொழியாகத் தமிழையே கொண்டான். எனவே, வடபகுதியில் தமிழின் தொன்மையான வழக்கை மறுப்போர்க்கு இக்கல் விடையளிக்கின்றது. பொலன்னறுவையின் ஆட்சி இத்தீவுகளை எட்டவேயில்லை என்போரையும் அதே கல் மறுக்கின்றது. இன்று நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே தீவில் நிற்கின்றன. இரண்டையும் நாடி மக்கள் குறிகட்டுவானிலிருந்து ஒரே கடலைக் கடக்கின்றனர்.

தொல்பொருளை ஓரினத்தின் உரிமைப் பத்திரமாக மாற்றும் போக்கு வலுப்பெற்றுள்ள சூழலில், இக்கல்வெட்டை முழுமையாக வாசிப்பது ஆய்வாளரின் கடமை மட்டுமன்று, சமூகக் கடமையுமாகும். அதில் நமக்குச் சாதகமான வரியை மட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமை எவர்க்கும் இல்லை.