ஓர் ஆளுக்கும் உலை வைக்க வேண்டும்: துணையை இழந்தவரின் சமையலும் உடல்நலமும்

மதுரையை அடுத்த சமயநல்லூர், பரவை, தேனூர் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு அடுப்பைப் பற்ற வைக்க விடமாட்டார்கள். பங்காளிகளும் சம்பந்தக்காரர்களும் சோறாக்கிக் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ‘ஒரு வாய் சாப்பிடுங்க’ என்று வற்புறுத்தி ஊட்டாத குறையாகச் சாப்பிட வைப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிகிறது. சென்னைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் பஸ் ஏறுகிறார்கள். மறுநாள் காலையில் அந்த வீட்டில் இருப்பவர் ஒருவர் மட்டும். அவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்க அன்றைக்கு ஆள் இல்லை.

உண்மையில் கவனிப்பு தேவைப்படும் காலம் அன்றுதான் தொடங்குகிறது. கணவனையோ மனைவியையோ இழந்தவருக்கு முதல் ஆறு மாதம் வேளைக்குச் சமைப்பதும் சாப்பிடுவதும் வீட்டை நடமாடும்படி வைத்துக்கொள்வதும் மருந்துக்குச் சமம். ‘எனக்கு ஒருத்தனுக்கு எதுக்கு?’, ‘எனக்கு ஒருத்திக்கு எதுக்கு?’ என்ற எண்ணம்தான் இந்தக் காலத்தின் பெரிய ஆபத்து.

துயரம் உடம்பையும் தாக்கும்

மனைவியை இழந்த 55 வயதைக் கடந்த 4,486 ஆண்களைப் பிரிட்டனில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அந்த ஆய்வு 1969-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியானது. முதல் ஆறு மாதங்களில் அவர்களிடையே மரணம், அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதில் பெரும் பங்கு இதய நோய்க்கு. ஆறு மாதத்துக்குப் பிறகு இந்த வேறுபாடு படிப்படியாகக் குறைந்தது. ஆபத்து கூடுதலாக இருக்கும் காலத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டி வர முடியும் என்பதே இந்த ஆய்வு தரும் நம்பிக்கை.

கடும் துக்கத்தில் அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. தூக்கம் கெடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, பசி அடங்கிப்போகிறது. ‘சோறு தொண்டையில இறங்கல’ என்று சொல்பவர் சாக்குச் சொல்லவில்லை; அவர் உடம்பு அப்படித்தான் இருக்கிறது. அதிர்ச்சியால் இதயத்தின் இடது கீழறை திடீரென்று பலவீனமடைந்து உப்பும் ஒரு நிலையை 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்து ‘டகோட்சுபோ’ என்று பெயரிட்டார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடமே இது அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஆனால் நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் மாரடைப்பைப் போலவே இருக்கும் என்பதால் வீட்டில் வைத்துப் பிரித்தறிய முடியாது. துக்க வீட்டில் ஒருவர் நெஞ்சு அடைக்கிறது என்றால், அழுது அழுது வந்தது என்று விட்டுவிடாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அடுப்படி தெரியாத ஆண்கள்

நாற்பது ஆண்டு குடும்பம் நடத்தியும் உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாத ஆண்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். மனைவி போனபின் அவர்கள் காலை டீயும் பன்னும், மதியம் எதுவும் இல்லாமல், இரவு கடையில் பரோட்டா சால்னா என்று நாளை ஓட்டிவிடுகிறார்கள். இதில் உப்பும் எண்ணெயும் மாவுச்சத்தும் கூடும். பருப்பு, காய், கீரை, பால் விட்டுப்போகும்.

சர்க்கரை நோயாளிக்கு இதைவிடப் பெரிய ஆபத்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பது. கிளிமிபிரைட் போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு வருகிறது என்ற கணக்கில்தான் தரப்படுகின்றன. சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் வரும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். குறைவாகவே இருந்தால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். பசி குறைந்துவிட்டது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்; மருந்தின் அளவை அவர் மாற்றித் தருவார்.

அறுபது வயதிலும் சமையலைக் கற்றுக்கொள்ளலாம். முதல் வாரம் ஒரு பாடம் போதும்: குக்கரில் அடுக்கு வைத்து, ஒன்றில் அரிசி, இன்னொன்றில் பருப்பு. அரிசி 100 கிராம் என்றால் அதைப் போல இரண்டரை முதல் மூன்று பங்கு தண்ணீர். பருப்பில் ஒரு தக்காளி, நாலு பல் பூண்டு, சிட்டிகை மஞ்சள்தூள். வெந்த பருப்பைக் கடைந்து உப்புப் போட்டுத் தாளித்தால் குழம்பு தயார். அவித்த முட்டையும் தயிரும் சேர்ந்தால் அது முழுச் சாப்பாடு. அடுத்த வாரம் ரசம், அதற்கடுத்து கீரைக் கடைசல், பிறகு ஒரு பொரியல். மகளோ மருமகளோ போனில் சொல்லச் சொல்லச் செய்யலாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் நேரிலும் கேட்கலாம். ஆம்பளை அடுப்படியில் நிற்பதா என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். தன் வயிற்றுக்குத் தான் சமைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சமைக்கத் தெரிந்த பெண்களின் வெறுந்தட்டு

பெண்களுக்குச் சமையல் தெரியும். தனக்காகச் சமைத்துப் பழக்கமில்லை. அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு, அவர் வரும் நேரத்துக்குச் சுடுசோறு என்றே வாழ்ந்தவருக்கு, அவர் இல்லாதபோது அடுப்புப் பக்கம் போகவே மனசு வராது. தண்ணீர் ஊற்றிய சோறும் ஊறுகாயும் ஒரு வேளை, வரக்காப்பி ஒரு வேளை என்று ஆகிவிடும். அதோடு ‘இனி எனக்கென்ன மீனும் கறியும்’ என்று தானாகவே ஒதுக்குவதும், ஊர்ப் பேச்சுக்குப் பயந்து வெளியே போகாமல் இருப்பதும் சேர்ந்தால் தசை கரையும், ரத்தசோகை வரும், எலும்பு வலுவிழக்கும்.

பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 42 கிராம். நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே இது கிடைக்கும். நாள் முழுதும் சேர்த்து 150 கிராம் அரிசியில் ஏறக்குறைய 12 கிராம், ஒரு கைப்பிடிப் பருப்பில் 7, ஒரு முட்டையில் 6, இரண்டு டம்ளர் பாலிலோ தயிரிலோ 12, மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலில் 6. முட்டை சாப்பிடாதவர் பாசிப்பயறும் சுண்டலும் கூட்டிக்கொள்ளலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டு அளவை முடிவு செய்ய வேண்டும். எந்தச் சத்துள்ள உணவையும் துணை போனதற்காக யாரும் விட வேண்டியதில்லை.

சட்டியிலிருந்து நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தட்டில் சோறும் வெஞ்சனமும் வைத்து உட்கார்ந்து சாப்பிட்டால்தான் எவ்வளவு சாப்பிட்டோம் என்பது உங்களுக்கே தெரியும். பசி வராத நாட்களில் மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்து சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதும் அளப்பதும்

குடும்பத்துக்குச் சமைத்த கைக்கு ஓர் ஆளுக்கான அளவு உடனே பிடிபடாது. பெரிய குக்கரை எடுத்து வைத்துவிட்டு 2 லிட்டர் குக்கரும் சின்னச் சட்டியும் வாங்குவது முதல் வேலை. காய்கறியை வாரத்துக்குச் சேர்த்து வாங்காமல் இரண்டு நாளைக்குக் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்கலாம். பரவை மார்க்கெட்டில் மொத்தமாக மலிவாகக் கிடைக்கும். தெருவில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டால் பணமும் மிச்சம், காயும் அழுகாது, பேசவும் ஆள் கிடைக்கும். இட்லி மாவு மூன்று நாளைக்கு ஃபிரிட்ஜில் இருக்கட்டும். சமைக்க முடியாத நாளில் பால், வாழைப்பழம், அவித்த முட்டை, வறுகடலை கைவசம் இருந்தால் பட்டினி கிடக்க நேராது.

மதுரை வெயிலுக்குச் சோறு சீக்கிரம் கெடும். வடித்த சோற்றிலும் ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற கிருமியின் வித்துகள் உயிரோடு இருக்கும். சோறு வெளியில் கிடக்கும்போது அவை பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சுட வைத்தாலும் அந்த நச்சு முழுதாகப் போகாது. எனவே மிஞ்சும் என்று தெரிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் நன்றாக ஆவி பறக்கச் சுட வைத்துச் சாப்பிட வேண்டும். குழம்பைச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்து ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரே குழம்பை மூன்று நாள் கொதிக்க வைத்துச் சாப்பிடாதீர்கள். உப்பு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் தினசரி வெஞ்சனமானால் இந்த அளவு எளிதில் தாண்டிப்போகும்.

கேஸ், வழுக்கல், மாத்திரை

துக்கத்தில் கவனம் சிதறும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பதும், மாத்திரையை இரண்டு தடவை போடுவதும் இந்தக் காலத்தில் சகஜம். அடுப்புப் பற்றவைத்ததும் செல்போனில் அலாரம் வையுங்கள். சமைத்து முடியும்வரை அடுப்படியை விட்டு வராதீர்கள். படுக்கப்போகும் முன் ரெகுலேட்டரை அணையுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் கசிவு உதவி எண் 1906-ஐ அழையுங்கள். ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

தனியாக இருப்பவர் விழுந்தால் தூக்க ஆள் வர நேரமாகும். குளியலறைத் தரையை ஈரமில்லாமல் வையுங்கள், இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், பரணில் இருக்கும் அன்றாடச் சாமானை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள், ஸ்டூலில் ஏறாதீர்கள். ஒரே நாளில் வீடு முழுக்கக் கழுவ வேண்டியதில்லை. இன்று துணி, நாளை அடுப்படி, மறுநாள் படுக்கை என்று நாளுக்கு ஒரு வேலை போதும். இறந்தவரின் துணிமணியை எப்போது எடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. இதுவரை மாத்திரை வாங்கி வந்தவர் இறந்துபோன துணைதான் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் பெயரைப் பதியச் சொல்லுங்கள். கேஸ் இணைப்பு, ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் பெயர் மாற்ற இறப்புச் சான்றிதழின் பல நகல்கள் தேவைப்படும். ஆதரவற்ற விதவைகளுக்கான உதவித்தொகை 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தகுதியுள்ளவர் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

அழுகை வருவதும், இறந்தவரின் குரல் கேட்பதுபோல் இருப்பதும், திருவிழா நாளில் துக்கம் திரும்ப வருவதும் இயல்பு. மருந்து தேவையில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு மேலாகியும் அன்றாட வேலையே ஓடாத அளவுக்குத் துயரம் அழுத்தினால், அதை நீடித்த துயரக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் வகைப்படுத்துகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. முயற்சி இல்லாமலே எடை குறைவதும் எச்சரிக்கைதான்: ஆறு மாதத்தில் 60 கிலோவில் 3 கிலோ குறைந்தால் பரிசோதனை தேவை. மாதம் ஒருமுறை எடை பார்த்துக் காலண்டரில் குறித்துவையுங்கள். தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கினாலோ, டாக்டர் சொல்லாமல் தூக்க மாத்திரை போட்டாலோ உடனே உதவி தேடுங்கள். ‘நானும் போயிடுறேன்’ என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். டெலிமானஸ் மனநல உதவி எண் 14416; பகலும் இரவும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

பிள்ளைகளுக்கும் தெருவுக்கும்

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தினமும் போன் செய்து ‘சாப்பிட்டீங்களாப்பா?’ என்று கேட்கிறார்கள். ‘சாப்பிட்டேன்ப்பா’ என்று பதில் வருகிறது. அதோடு முடிந்துவிடுகிறது. ‘இன்னைக்கு என்ன குழம்பு? என்ன காய் போட்டீங்க?’ என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் புரிந்துகொள்ளலாம். முடிந்தால் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் கூப்பிட்டுச் சேர்ந்து சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டார் ஒருவரிடம் சாவி ஒன்றைக் கொடுத்துவையுங்கள். வழிகாட்ட முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

தெருவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாவு வீட்டுக்குச் சோறு கொண்டுபோகும் நம் வழக்கம் மனிதத்தன்மை மிக்கது. அதைப் பதினாறாம் நாளோடு நிறுத்திவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு கிண்ணம் குழம்பு கொடுங்கள். அவர் சமைத்ததை நீங்களும் வாங்கிச் சாப்பிடுங்கள். கணவனை இழந்தவரைக் கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்தும் சடங்கிலிருந்தும் ஒதுக்காதீர்கள். குறைந்தது ஆறு மாதம், அந்த வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய பொறுப்பு.