மூக்கில் வளரும் சதையும் மாத்திரையும்



பாரிவாக்கம், பூவிருந்தவல்லி பக்கத்துக் கிராமங்களிலிருந்து மூக்கில் சதை வளர்ந்து வருகிறவர்களில் அநேகர், டாக்டரிடம் கேட்கத் தயங்கி, ஜெபிக்கப் போகும் என்னிடம் கேட்பது இதுதான்: "ஐயா, கத்தி வைக்காமல் மாத்திரையிலேயே இது கரையாதா?"

எந்தச் சதை என்பதைப் பொறுத்தது பதில். ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மூக்கிலும், தோலுரித்த திராட்சைபோல வெளிறிய சதை தொங்கும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சில நாட்கள் கொடுத்தால் அது சுருங்கும். இழந்துபோன காபி வாசனைகூடத் திரும்பி வரும். ஆனால் மாத்திரையை நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ சதை மறுபடியும் தலைகாட்டும். உடனே பழைய சீட்டோடு மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள். இதில்தான் ஆபத்து. சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். 2021-ல் கொரோனாவின் இரண்டாம் அலையில் ஸ்டீராய்டும் கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்து எத்தனை பேருக்குக் கறுப்புப் பூஞ்சையைக் கொண்டுவந்தது என்பதைக் கண்டோமே! அன்றாடம் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேதான் இவர்களுக்கு நிலையான மருந்து.

நம் நாட்டிலும் இலங்கையிலும் அதிகமாகக் காணப்படும் வேறொரு சதை உண்டு. ரைனோஸ்போரிடியோசிஸ் என்று அதற்குப் பெயர். சாதாரணமாக ஒரு பக்க மூக்கில், சிவந்து, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும்; தொட்டால் ரத்தம் வரும். குளத்திலும் ஏரியிலும் குளிக்கிறவர்கள், ஆற்று மணல் அள்ளுகிறவர்கள் ஆகியோருக்கே பெரும்பாலும் வருகிறது. 1900-ல் அர்ஜென்டினாவில் கில்லர்மோ சீபர் என்பவர் இதை விவரித்தார். வெகுகாலம் பூஞ்சை என்றே எண்ணப்பட்ட இக்கிருமி, மீன்களைத் தாக்கும் சில நுண்ணுயிர்களின் உறவு என்று பின்னர் தெரியவந்தது. இது ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டுவதில்லை. ஆகையால் வீட்டில் தனித் தட்டு, தனித் தம்ளர் வைப்பது வீண் கொடுமை.

இந்தச் சதையைக் கரைக்கும் மாத்திரை கிடையாது. அடியோடு வெட்டி, வேர் இருந்த இடத்தைச் சுட்டுவிட வேண்டும். துணுக்கு தங்கினாலும் திரும்பவும் வளரும். அதைத் தடுக்கத்தான் டாக்டர்கள் டாப்சோன் மாத்திரை தருகிறார்கள், பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷம் வரையிலும்.

டாப்சோன்! தொழுநோய் ஊழியத்துக்குக் காணிக்கை அனுப்பிய உங்கள் பெற்றோருக்குப் பழக்கமான பெயர். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1940-களில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அதே மருந்துதான். விலை மலிவு, ஆயினும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியது. சிவப்பணுவில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இது ஆகாது. ஆகவே அவ்வப்போது ரத்தப் பரிசோதனை அவசியம்.

மூக்கு அடைப்பு நீங்கியதும், கூலி கெடுகிறதென்று இரண்டாம் மாதமே மருந்தை விட்டுவிடுகிறவர்களை நினைத்தால்தான் மனம் வேதனைப்படுகிறது.

உங்கள் சபையில் யாருக்காவது ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து ரத்தம் கசிந்தால், எந்த மாத்திரையும் வாங்குமுன் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்புங்கள். அப்படி வளர்பவற்றில் சில புற்றுநோயாகவும் இருப்பதுண்டு. வெட்டிய சதையைப் பரிசோதித்தே அதை அறிய முடியும்.